எல்லாச் சீட்டிலும் நாலு மணி நேரம்

போன வாரம் மகளுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கவிடாமல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று உங்களில் பல பேர் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். திட்டுங்கள். இந்த வாரம் கோபப்பட அதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

கடிதத்தில் இருந்தது நல்ல சேதிதான். ஆலோசனை நிறுவனத்தில் மூன்றாவது சுற்று நேர்காணல், புதன்கிழமை காலை பதினொரு மணி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண் ஐந்து வருடமாக இரட்டைப் பட்டம் படிக்கிறாள். பொறியியல் ஒன்று, பொருளாதாரம் ஒன்று. இன்னும் ஒரு மாதத்தில் படிப்பு முடிகிறது. இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான் இனிமேல் காலம் என்று சேரும்போது கல்லூரியில் மேடை போட்டுச் சொன்னார்கள். முடிக்கும்போது பதினொரு இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டுமான நிறுவனத்தில், "பொருளாதாரமும் படிச்சிருக்கியேம்மா, ரெண்டு வருஷத்துல பேங்குக்கு ஓடிடுவே" என்றார்கள். பேங்கில், "எஞ்சினியருக்கு இங்க என்ன வேலை? ஏ.சி. ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். சித்தப்பா ஒருவர் வீட்டுக்கு வந்தால் போதும், "எங்க நம்ம ரெண்டுங்கெட்டான்?" என்று கேட்டபடிதான் செருப்பைக் கழற்றுவார்.

பன்னிரண்டாவது இடம் இந்த ஆலோசனை நிறுவனம். அங்கே விளம்பரத்திலேயே இரண்டு படிப்பும் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். இதுவும் போனால் வேறு இடம் இல்லை.

புதன்கிழமை காலை ஆறரை மணி.

"என் ஷூவை யார் தொட்டது?" என்றாள் மகள்.

"நான்தான். பாலிஷ் போட்டேன்" என்றார் அப்பா. "போன தடவை போறப்போ முனையில சேறு இருந்துச்சு. உன் மேல தப்பு இல்ல. என் பூட்ஸ் பக்கத்துல வெச்சா எது சுத்தமா இருக்கும்?"

அப்பா குடிநீர் வாரியத்தின் பழுதுபார்க்கும் டிப்போவில் ஃபோர்மேன். தெருவில் குழாய் வெடித்தால் பதிமூன்று ஆட்களோடு போய், தோண்டி, அடைத்து, மூடிவிட்டு வருகிறவர். இருபத்தாறு வருடமாக அதே டிப்போ. ஆட்கள் அவரை வால்வண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எந்த வால்வு எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவ வாயைக் கிளறாதீங்க, படிச்சதெல்லாம் மறந்துடப் போறா" என்றாள் அம்மா. ஒரு கிளினிக்கில் மருந்து கவுண்டரில் நிற்பவள் அவள். நாளெல்லாம் அடுத்தவர் கிறுக்கலைப் படித்துப் படித்து, நீட்டிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "போய், கேட்டதுக்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டுட்டு வா."

அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, "உன் கடைசி வருஷ ஆய்வறிக்கையைப் பத்திக் கேட்டா, டிப்போ வேலைச்சீட்டுக் கட்டைக் கொடுத்தது நான்னு சொல்லாதே. நீயே தேடி எடுத்ததா இருக்கட்டும்" என்றார். மனிதருக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை ஏழரை மணிவரைதான் இருந்தது.

டிப்போவின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் பதிமூன்று பேரும் நின்றிருந்தார்கள். அவர் வந்ததும் வழிவிட்டார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

புதுத் தாள். 'ஒன்றாம் தேதி முதல் இந்த டிப்போவின் பழுதுபார்க்கும் குழு கலைக்கப்படும். பணி ஒப்பந்ததாரரிடம் விடப்படும். வெள்ளிக்கிழமை வாரியக் கூட்டத்தில் ஒப்புதல் பெறப்படும். காரணம்: இணைப்பிலுள்ள ஆய்வறிக்கை, பக்கம் 31.'

டிப்போவில் எல்லோரும் ஏ.இ. என்று சொல்லும் உதவிப் பொறியாளர் தன் அறைக்கு அவரைக் கூப்பிட்டார். வயதில் சின்னவர், கண்ணைப் பார்த்துப் பேச வராது.

"எனக்கே நேத்துதான் தெரியும், ஃபோர்மேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்டோருக்கு மாத்தறாங்க. நிழல்ல உக்காந்து பாக்கற வேலை."

"இந்தப் பதிமூணு பேரு?"

"அவங்க தினக்கூலிதானே."

"பத்து வருஷமா தினக்கூலி சார்."

உதவிப் பொறியாளர் அறிக்கையின் நகலை மேஜைமேல் தள்ளினார். அதன் அட்டையில் இருந்தது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அப்பா ஒரு வாரம் யோசித்து யோசித்து வைத்த பெயர்.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். 'ஆறு ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆயிரத்து அறுநூற்று நாற்பது வேலைச்சீட்டுகளிலும் பணி நேரம் நான்கு மணி என்றே உள்ளது. சிறிய கசிவானாலும் பெரிய உடைப்பானாலும் பணியாளர்கள் அரை ஷிப்ட் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சீக்கிரம் முடிப்பதால் அவர்களுக்கு ஆதாயம் ஏதும் இல்லாததே காரணம்.'

இந்த நாலு மணி நேரத்தின் கதையை நான் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா ஃபோர்மேன் ஆன புதிதில் சீட்டில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினார். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். ஒன்பது மணி நேரம் என்றால் ஒன்பது. தலைமை அலுவலகத்தில் ஒரு கணக்கு அதிகாரி எல்லாச் சீட்டையும் திருப்பி அனுப்பினார். படிவத்தில் இரண்டே கட்டம்தான்: அரை ஷிப்ட், முழு ஷிப்ட். முழு ஷிப்ட் என்றால் வேலை ஆரம்பிக்கும் முன்பே மேலதிகாரியின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வெடித்த குழாய், அனுமதி வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்குமா? அதனால் எல்லாவற்றுக்கும் அரை ஷிப்ட். கிளாம்ப் போட்டு இருபது நிமிடத்தில் முடித்தாலும் நாலு மணி. இடுப்பளவு தண்ணீரில் பொழுது சாயும்வரை நின்றாலும் நாலு மணி. கீழே அவர் கையெழுத்து. அந்த அதிகாரி ஓய்வு பெற்று யுகமாகிறது, வழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

அப்பா வெளியே வந்ததும் கடப்பாரை எதிரே வந்து நின்றான். குழி தோண்டுகிறவன், டிப்போவிலேயே உயரமானவன். எல்லோருக்கும் அவன் கடப்பாரைதான், சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

"வால்வண்ணே, சீட்டுக் கட்டைச் சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

"ஆமா."

"பொண்ணுக்குப் பாடம்னு சொன்னீங்க."

"பாடம்தான்டா."

"நல்லாக் கத்துக் கொடுத்துட்டீங்கண்ணே எங்களுக்கு."

உள்ளே தொலைபேசி அடித்தது. மார்க்கெட் தெரு முனையில் பெரிய குழாய் வெடித்து ரோடு முழுக்கத் தண்ணீர். கலைக்கப்படப் போகிற பதிமூன்று பேரும் மண்வெட்டியை எடுத்து வண்டியில் போட்டார்கள். இந்த உலகத்தில் எனக்குப் பிடிபடாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

வண்டியில் போகும்போது அப்பா அம்மாவுக்குப் போன் பண்ணினார். விஷயத்தைக் கேட்ட அம்மா, கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கவுண்டரில் போட்டாள்.

"ஏங்க, இப்ப அவளுக்குப் போன் பண்ணிடாதீங்க. இன்டர்வியூவுக்குக் கிளம்பற நேரம்."

"பண்ணாம எப்படி? அவளால..."

"அவளால இல்ல. உங்க சீட்டால. நாலு நாலுன்னு எழுதினது யாரு?"

"பதிமூணு குடும்பம் அது. உனக்குப் புரியுதா?"

"எனக்கு ஒரு பொண்ணுங்க" என்றாள் அம்மா. குரல் உயர்ந்ததில் வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "பதினொரு இடத்துல மூஞ்சில அடிச்ச மாதிரி அனுப்பினாங்க. அஞ்சு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சவ பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதா, நீங்க கேக்கல, நான் கேட்டேன். இன்னைக்கு அவ கையெழுத்துப் போடட்டும். அதுக்கப்புறம் நீங்க ஊரைக் காப்பாத்துங்க."

போனை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் மருந்துக்குப் பதில் அவர் கொடுத்த சீட்டையே திருப்பிக் கொடுத்தாள்.

ஆலோசனை நிறுவனம் ஒன்பதாம் மாடி. மகள் இந்தப் பக்கம், இயக்குநர் அம்மாள் அந்தப் பக்கம். நடுவில் மகளின் அறிக்கை. அதன் ஓரங்களில் மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன. அவளுடைய கல்லூரிப் பேராசிரியர் மூலமாக வந்ததாம்.

"ஒரு உண்மையைச் சொல்லவா?" என்றார் இயக்குநர். "இந்த வேலைக்கு ஒரு எஞ்சினியரையும் ஒரு பொருளாதாரக்காரரையும் தனித்தனியா எடுக்கச் சொன்னாங்க. நான் சண்டை போட்டேன். எஞ்சினியர் குழாயைப் பாப்பாரு, மத்தவரு கணக்கைப் பாப்பாரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டே வருஷம் போயிடும். எனக்கு ரெண்டும் ஒரே தலைக்குள்ள இருக்கற ஆள் வேணும். உங்களை மாதிரி."

ஐந்து வருடமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் காத்திருந்த வார்த்தை.

வேலை நியமனக் கடிதம் தயாராகவே இருந்தது. இயக்குநர் அதைத் தள்ளிவைத்தார்.

"மொத்தம் ஒன்பது டிப்போ. நாங்க குடிநீர் வாரியத்துக்கு அனுப்பின உங்க அறிக்கையை வெச்சு முதல் டிப்போவை மூட வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு பண்றாங்க. மத்த எட்டுக்கும் இதே ஆய்வை நீங்க பண்ணணும்."

"மூடறாங்களா?" என்றாள் மகள். "நான் நாப்பது பக்கம் குழாயைப் பத்தி எழுதியிருக்கேனே. எந்தக் குழாய் வெடிச்சா எவ்வளவு நஷ்டம், எதை முதல்ல மாத்தணும்னு. மூடணும்னு நான் எங்கேயும் எழுதலையே?"

"குழாயை மாத்தப் பணம் வேணும். ஆளை நிறுத்தப் பணம் வேண்டாம். அவங்க முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

மகள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"சாயங்காலம் கொண்டுவந்து தரலாமா மேடம்?"

இயக்குநருக்கு முகம் மாறிற்று. "அஞ்சு மணி. அதுக்கு மேல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

லிஃப்டில் இறங்கும்போது அம்மாவின் போன் வந்தது. கையெழுத்துப் போட்டியா இல்லையா என்றுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் அம்மா வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குழி எந்தத் தெருவில் என்பது உட்பட.

மகளுக்கும் கோபம்தான் வந்தது, அப்பாமேல். சீட்டு பொய் சொல்லுமா? ஆயிரத்து அறுநூற்று நாற்பதையும் அவள்தான் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். வேலையை இழுத்தடித்துவிட்டு இப்போது என்னைக் குறை சொன்னால் எப்படி?

மார்க்கெட் தெரு முனையில் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றாள். ஆளுயரக் குழி. கலங்கிய தண்ணீரில் இடுப்புவரை நின்றிருந்தார் அப்பா. மேலே மண்மேட்டில் பாலிஷ் போட்ட ஷூவோடு அவள். பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

அவர் நிமிரவில்லை. கடப்பாரைதான் திரும்பினான். "வாங்கம்மா. நேரம் பாக்க வந்தீங்களா? பாருங்க. எட்டு நாப்பதுக்கு இறங்கினோம். இன்னும் உடைஞ்ச இடமே கைக்குக் கிடைக்கல."

"நான் அப்பாகிட்ட பேசறேன்."

"பேசுடி" என்றார் அப்பா குழிக்குள்ளிருந்து. "இத்தனை பேர் முன்னாடியே பேசு. இவங்க எல்லாம் சோம்பேறின்னு எழுதினியே, பார்த்துட்டா எழுதினே?"

"சோம்பேறின்னு எழுதல. எது பண்ணாலும் நாலு மணி நேரம்னு உங்க சீட்டே சொல்லுது."

"சீட்டு!" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. அதுல ஒண்ணுக்கு முன்கூட்டியே அனுமதி வேணும். அதனால எல்லாத்துக்கும் நாலு. இருபது நிமிஷத்துக்கும் நாலு, பத்து மணி நேரத்துக்கும் நாலு. டிப்போவுல டீ கொண்டுவர்றவருக்குக்கூடத் தெரியும். ரெண்டு படிப்பு படிச்சியே, ரெண்டுல ஒண்ணாவது உன்னை இந்தக் குழிப் பக்கம் கூட்டிட்டு வந்துச்சா?"

அவளுக்கு முகம் எரிந்தது. "நீங்க ஏன் சொல்லல? மூணு வாரம் என் பக்கத்துல உக்காந்து சீட்டைப் பிரிச்சுப் பிரிச்சுக் கொடுத்தீங்களே. ஒரு வார்த்தை! எல்லாத்துலயும் நாலு இருக்கேன்னு நான் உங்க முன்னாடியே சொன்னேனே!"

"சொன்னே. கேக்கல."

"கேட்டாத்தான் வாயைத் திறப்பீங்களா?"

அப்பா குழாயைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "என்னன்னு சொல்ல? தினமும் பொய் எழுதிக் கையெழுத்துப் போடறேன்னா? அதையும் உன்கிட்டயா?"

கடப்பாரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தத் தேதி ஞாபகம் வந்தது. பள்ளியில் அவள் கணக்கில் முதலாவதாக வந்து மேடையேறிய நாள். அப்பா வரவில்லை. இரவு எட்டு மணிக்குத் தலைமுடிவரை சேறோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அந்தத் தேதிச் சீட்டும் கட்டில் இருந்தது. அதிலும் நாலு மணி நேரம்தான். அவளே தன் கையால் ஏற்றினாள், ஏற்றிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். அவளுக்கு இப்போது தன்மேல் வந்த கோபத்தில் அந்த ஷூவோடு குழிக்குள் இறங்கினால் தேவலை போலிருந்தது.

இறங்கவில்லை. இறங்கி என்ன கிழிக்கப் போகிறாள்? மேட்டிலேயே நின்றாள். உடைந்த துண்டை அறுத்தார்கள், புதுத் துண்டைப் பொருத்தினார்கள், ஒரு ஜாயிண்ட் ஒழுகியது, மறுபடி பிரித்தார்கள். இடையில் யாரும் சாப்பிடக்கூட ஏறி வரவில்லை. மூன்று ஐம்பதுக்கு அப்பா மேலே வந்தார். ஏழு மணி பத்து நிமிடம்.

கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். தெரு, குழாயின் அளவு, ஆட்கள் எல்லாம் எழுதினார். நேரம் என்ற இடத்தில் பேனா நிற்காமல் ஓடியது. நாலு மணி.

"அப்பா!" என்று கத்தினாள் மகள். "இங்கேயே நிக்கறேன்பா நான்! என் கண் முன்னாடியே நாலுன்னு எழுதறீங்களே!"

அப்பா சீட்டைப் பார்த்தார். உண்மையாகவே திடுக்கிட்டுப் போனார். "கை அதுவா எழுதுதுடி" என்றார்.

மகள் அந்தச் சீட்டைப் புத்தகத்திலிருந்து கிழித்தாள்.

"அது ஆபீஸ் காகிதம்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற பக்கம் ஓடினாள்.

நாலு நாற்பதுக்கு ஒன்பதாம் மாடி. இயக்குநர் சீட்டைப் பார்த்தார். அவள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது ஒரு சீட்டு" என்றார்.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பதும் இப்படித்தான்."

"யார் சொன்னது?"

"கையெழுத்துப் போட்ட ஃபோர்மேன்."

"அவர் எழுதித் தரணும். தந்தா அவர் கதி தெரியுமா? வருஷக்கணக்கா பொய்ப் பதிவு. மாத்தல் எல்லாம் இல்ல, நேரா வீடுதான். பென்ஷனும் போயிடும். எவன் தருவான்?"

"அவர் என் அப்பா" என்றாள் மகள்.

இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இதை முதல் சுற்றுலயே சொல்லியிருக்கணும் நீங்க. உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன் தெரியுமா?" அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. பிறகு குரலைத் தணித்தார். "சரி. கையெழுத்துப் போடுங்க. உள்ள வந்து மத்த எட்டு டிப்போவையாவது குழியில நின்னு, சரியாப் பாருங்க. உங்களை மாதிரி ஆளுதான் அதுக்கு வேணும்."

"அப்போ முப்பத்தோராம் பக்கம்?"

"அது போயாச்சு. எங்க பரிந்துரையோட போயிருக்கு. இங்க சம்பளம் வாங்கிக்கிட்டு அது தப்புன்னு நீங்க வெளியே சொல்ல முடியாது."

"சேரலைன்னா சொல்லலாம் இல்லையா?"

"சொல்லலாம். ஆதாரம் இல்லாம யார் கேப்பாங்க?"

"தப்பு என்னுதுன்னு எழுதறேன் மேடம். குழியைப் பாக்காம, ஒருத்தரையும் கேக்காம எழுதினேன், அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு. அப்பா பேர் அதுல வராது."

"உங்க பட்டமே சிக்கல்ல மாட்டும். இன்னொரு இடத்துல எவனும் உங்களைச் சேத்துக்க மாட்டான். பதினொரு இடத்துல பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேஜைமேல் வைத்தாள். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, வாரியத்துக்கு ஆறு வரி எழுதினாள். படம் எடுத்து அந்த இடத்திலிருந்தே வாரியத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். அப்போது மணி நாலு ஐம்பத்தெட்டு.

கீழே வந்தால், வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு நின்றிருந்தார் அப்பா. இடுப்புக்குக் கீழே சேறு இன்னும் காயவில்லை. காவலாளி அவரை உள்ளே விடவில்லை.

"போட்டியா?" என்றார்.

"என்னது?"

"கையெழுத்துடி!"

"இல்ல."

"இல்லையா?" அப்பா போட்ட சத்தத்தில் காவலாளி எழுந்து நின்றார். "ஏண்டி? நான் அதுக்காகத்தானே எழுதிக் கொடுத்துட்டு ஓடி வரேன்! சீட்டு எல்லாம் தப்பு, எழுதினது நான், பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏ.இ. கையில எழுத்துல கொடுத்துட்டு வரேன். டிப்போவும் நிக்கும், உன் வேலையும் நிக்கும்னு!"

"எழுதிக் கொடுத்துட்டீங்களா? உங்களை யாருப்பா எழுதச் சொன்னது? வேலை போயிடும், பென்ஷன் போயிடும்! அதுக்காகத்தான் உங்க பேரே வராம என் தப்புன்னு நான் எழுதி அனுப்பினேன்! கூறு இருக்கா உங்களுக்கு?"

"உனக்கு இருக்கா? ஒரு வார்த்தை கேட்டியா என்னை?"

"நீங்க சொன்னீங்களா?"

"நீ கேட்டியா?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சேறு அப்பிய ஒரு மனிதரும், பளபளக்கும் ஷூ போட்ட ஒரு பெண்ணும், ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் அப்பாவுக்கு ஒரு வேலையும், மகளுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தன. மணி இன்னும் ஐந்தேகால் ஆகவில்லை.

மகளின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அம்மா.

இரண்டு பேரின் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது.

"எடு" என்றார் அப்பா.

"நீங்க எடுங்க."

"உன் போனுதானே அது?"

அது அடித்து ஓய்ந்தது. ஒரு விநாடி நிம்மதி. உடனே அப்பாவின் சட்டைப் பையில், சீட்டுப் புத்தகத்துக்குப் பின்னால், அவர் போன் அடிக்க ஆரம்பித்தது.